பட்டறை வரைக்கும் ஒரு வயர்

வெள்ளிக்கிழமை பகல் இரண்டரை மணிக்கு என் இளைய மகள் சரீபா ஜித்தாவிலிருந்து கம்பியூட்டரில் வருவாள். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் வெளியே போகிற அந்த இருபது நிமிடம்தான் அவளுக்கும் எனக்கும். ஆனால் கம்பியூட்டர் இருந்ததோ மூத்தவள் ஹுஸ்னியாவின் வீட்டு மண்டபத்தில். பக்கத்தில் அவள் புருஷன் அஷ்ரப்; அவனை விட்டால் அதை இயக்க ஆளில்லை. பின்னால் சாப்பிட வந்த அவன் தங்கச்சிமார் நாலு பேர். இந்தச் சந்தைக்குள் ஒரு பிள்ளை தாயிடம் என்னத்தைச் சொல்லும்?

"நல்லா இரிக்கன் உம்மா" என்பாள். மச்சான் முன்னால் என்பதால் முக்காடு நெற்றி வரைக்கும் இறங்கியிருக்கும்.

2009 வைகாசியில் ஒரு வெள்ளி, வாசலில் யாரோ கூப்பிட அஷ்ரப் எழும்பிப் போனான். தங்கச்சிமார் சாப்பாடு எடுக்கக் குசினிக்குள் போயிருந்தார்கள். சரீபா சட்டென்று முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"உம்மா, உங்களுக்கு மட்டும் ஒண்டு காட்டணும். முக்காட்டக் கழட்டித்தான் காட்டணும். ஒருத்தரும் இரிக்கப்படா. வாப்பாக்கும் சொல்லாதீங்க."

அஷ்ரப் திரும்பி வந்தான். "நல்லா இரிக்கன் மச்சான்" என்றாள்.

சுனாமி அன்றைக்குத் தொலைத்து, மூன்று நாள் மையத்துகளுக்குள் தேடி, கல்முனைப் பள்ளிக்கூடமொன்றில் உயிரோடு கண்டெடுத்த பிள்ளை அவள். ஆவணியில் அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. வருகிறாளா, இன்னும் இரண்டு வருடம் நிற்கிறாளா என்று மேடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே என்ன நடக்கிறது என்று அறிந்து, வா என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

தனியே கதைப்பதென்றால் எங்கள் பட்டறைக்குள்தான். மருதமுனையில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. பழைய வீட்டைக் கடல் கொண்டுபோனதற்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கல்வீடு. அதை ஹுஸ்னியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் என் புருஷன் நூஹுவும் வீட்டு வளவுக் கடைசியில் அவர் மரவேலை செய்த ஓடாவிப் பட்டறைக்குப் போனோம். யாரும் துரத்தவில்லை, ஊர் வழமை. சரீபா அப்போது பயணம் போய் ஆறு மாதம். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. பின்னறையில் இருக்கிறோம் என்று சொல்லி வைத்தேன். தெரிந்தால் எங்களுக்கு ஒரு வீடு கட்டாமல் ஊருக்கு வரமாட்டாள். அவளுடைய பிடிவாதம் என்னுடையதுதானே.

மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது எனக்கு வழக்கமில்லை. அவன் முன்னால் நிற்க, நான் கதவைப் பார்த்துக்கொண்டு மகளிடம் சொன்னேன்.

"ஹுஸ்னியா, உம்மா பட்டறைக்குள்ள இருந்து சரீபாவோட கதைக்கணுமாம் எண்டு சொல்லு."

"மாமிக்கிட்டச் சொல்லுங்க, வைஃபை கிணத்தடி வரைக்கும்தான் வரும். நாலு பக்கமும் தகரம், அது உள்ள விடாது" என்றான் அவனும் மகளிடம்.

"விடாட்டி விட வைக்கச் சொல்லு. பெரிய கம்பியூட்டர்காரன் எண்டுதானே வீட்டக் குடுத்தம்!"

ஹுஸ்னியா தலையில் அடித்துக்கொண்டாள். அவன் சிரித்துவிட்டான். நல்ல பொடியன், பொய் சொல்லக்கூடாது. மண்டபத்து இன்டர்நெட் பெட்டியிலிருந்து வயர் இழுத்து, பட்டறைக்குள் இன்னொரு பெட்டி வைத்தால் உள்ளேயே அலை கிடைக்கும் என்றான்.

அதற்கும் முட்டுக்கட்டை போட ஒருவர் இருந்தாரே. "வளவுக்குள்ளால வயர் போனா ஆமிக்காரன் வந்து என்னத்துக்கு எண்டு கேப்பான்" என்றார் நூஹு.

"சண்டை முடிஞ்சிட்டு எண்டு போன கிழமதான் சந்தியில பட்டாசு கொளுத்தினாங்க. உங்களுக்கு மட்டும் இன்னும் முடியல்லியா?"

"அவனுக்கு முடிஞ்சிட்டா எண்டு ஆரு கண்ட?" என்றார். பிறகு அவரேதான் ஏணி பிடித்தார். தண்ணீர்க் குழாய்க்குள் வயரைச் செருகி, கிணற்றடித் தென்னையில் கட்டி, கூரை விளிம்பில் ஓட்டை போட்டு உள்ளே எடுத்தார்கள். வெள்ளிக்கு முதல் நாள் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அஷ்ரப்பின் லெப்டொப்பில் எதை அமத்துவதென்று அவனிடம் கேட்டுப் பழகி, ஹுஸ்னியா எனக்குப் பத்துத் தரம் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை நூஹுவைக் கடற்கரைப் பக்கம் அனுப்பினேன். எனக்குப் பின்னால் பூப்போட்ட படுக்கை விரிப்பைச் சுவர் மாதிரிக் கட்டினேன். நல்ல சாரியைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் அமர்ந்தேன். தகரம் கொதித்தது. இரண்டரைக்கு அவள் முகம் வந்தது. அல்லாஹ்வே, என்ன துலக்கம்! மண்டபத்தில்கூட அப்படித் தெரிந்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"ஆரும் இரிக்காங்களா உம்மா?"

"ஒரு குருவி இல்ல. காட்டு மகள்."

முக்காட்டில் கை வைத்தாள். பிறகு நிறுத்தினாள்.

"எனக்குப் பயமா இரிக்கி உம்மா. அறையச் சுத்திக் காட்டுங்க. ஆருமில்ல எண்டு நான் பாக்கணும்."

அவசரம் கண்ணை மறைக்கும் என்பார்கள். அவள் கேட்டதுதான் தாமதம், லெப்டொப்பைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். "பாத்துக்க, ஆருமில்லதானே?" வாள், சீவுளி, மரத்தூள் மூட்டை, வேலை மேசையில் விரித்திருந்த எங்கள் பாய், அதன் கீழே சோற்றுப் பானை, கொடியில் அவள் வாப்பாவின் சாரன். எல்லாவற்றையும் நானே என் கையால் காட்டிவிட்டேன். திரும்பி அமர்ந்தபோது அவள் கை முக்காட்டில் இல்லை.

"இது வாப்பாட பட்டறைதானே?"

பின்னால் கட்டிய விரிப்பை இழுத்து இழுத்து விட்டேன்.

"இதுக்குள்ளயா படுக்கிறீங்க? எப்ப இருந்து?"

"ஹுஸ்னியா ராத்தாட கலியாணத்துல இருந்து."

"ஒவ்வொரு வெள்ளியும் எனக்கிட்டப் பொய்யா சொன்னீங்க?"

"ஓம் மகள். நீ நிம்மதியா இரிக்கணும் எண்டுதான்."

"நானும் பொய்தான் சொன்னன் உம்மா" என்றாள்.

"அதச் சொல்லு! காட்டு! அதுக்குத்தானே இந்த வயரையே இழுத்த!" நான் கத்திவிட்டேன். "உன்ன அடிக்காங்களா? சூடு வச்சாங்களா? தலையில என்ன?"

அவள் முக்காட்டை இரண்டு கையாலும் இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

"ஒண்டுமில்ல. இன்னும் ரெண்டு வருசம் நிக்கன் எண்டு மேடத்துக்கிட்டச் சொல்லப் போறன்."

"வேணாம்! உன்ட காசும் வேணாம், வீடும் வேணாம். வந்திடு கிளி. இதுக்குள்ள மூணு பேரும் கிடப்பம்."

"எங்க உம்மா? காட்டினீங்கதானே. எனக்கு எந்த மூலையில பாய் போடுவீங்க?"

நான் சுற்றிப் பார்த்தேன். வல்லாஹி, ஒரு இடம் தேடிப் பார்த்தேன். அதற்குள் அவள் அழுகையை விழுங்கிவிட்டு, "அழாதீங்க, நான் நல்லா இரிக்கன்" என்றாள். மச்சானிடம் சொல்கிற அதே குரல். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொன்னவன் ஆரோ, அவன் வாயில் மண்.

ஆவணியில் அவள் வரவில்லை, கையெழுத்து வைத்துவிட்டாள். இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் இரண்டரைக்கு எடுக்கிறாள். அஷ்ரப் போட்ட இணைப்பு ஒரு நாள்கூட அறுந்ததில்லை. ஆனால் அவள் கமராவைப் போடுவதில்லை. பழுதாம். நான் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். அவளுக்குத்தான் நான் தெரிகிறேன்.