ஏழாவது தட்டு

பல்லக்காவுக்கும் அவள் அண்ணனுக்கும் காசு போட்டால் ஓடும் பழைய விளையாட்டு இயந்திரங்கள் என்றால் பைத்தியம். தகர வாத்துகளைச் சுடும் பெட்டி, இரும்புக் கை இறங்கி பொம்மையைக் கவ்வும் கண்ணாடிக் கூண்டு, பட்டன் தேய்ந்து படம் நடுங்கும் வீடியோ கேம் என எது எங்கே குப்பைக்குப் போகிறது என்று தெரிந்தாலும் போதும், இருவரும் வேன் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அண்ணன் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார், சங்கிலி, கம்பி எல்லாம் அவர் பொறுப்பு. பல்லக்கா டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். அந்தப் பெயரும் அப்படி வந்ததுதான். உடைந்த பொம்மைக்கு விரல் செய்வது, உரிந்த முகத்துக்குச் சாயம் பூசுவது எல்லாம் அவள் கை வேலை.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் வேலை நடக்கும். அதற்கு அண்ணி வைத்த பெயர் ஆஸ்பத்திரி. சாப்பாட்டு நேரத்துக்கு எட்டிப் பார்த்து, "இன்னைக்கு யாரு பொழச்சாங்க?" என்று கேட்பாள்.

அந்தப் பெட்டி கிடைத்தது கடற்கரைப் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு விளையாட்டுக் கூடத்தில். மற்றவை எல்லாம் கூடத்தின் நடுவே குவிந்து கிடக்க, இது மட்டும் பின்சுவரோடு சுவராக, முகத்தைத் திருப்பி வைத்த மாதிரி நின்றது. நெஞ்சுயர மரப்பெட்டி. முன்பக்கக் கண்ணாடியில் விரல் கனத்துக்குத் தூசி. இடிப்பு வேலைக்காரர் எதுவும் கேட்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும்" என்றார்.

கொட்டகைக்குக் கொண்டுவந்து துடைத்தபோது உள்ளே ஒரு சின்ன வீடு தெரிந்தது. சாப்பாட்டு மேசை. அதைச் சுற்றி ஒரு அம்மா, மூன்று பிள்ளைகள். ஒரு நாற்காலி காலி. பின்சுவரில் பச்சைக் கதவு. பொம்மைகள் ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். யார் செய்தார்களோ, கைதேர்ந்தவர்தான். அம்மா பொம்மையின் கழுத்தில் வேர்க்குரு கூடப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார்.

பெல்ட் மாற்றி, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, நாலாம் நாள் அண்ணன் காசைப் போட்டார். உள்ளே விளக்கு எரிந்தது. மூத்த பிள்ளை கதவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நடுப்பிள்ளை, பிறகு கடைக்குட்டி. கடைசியில் அம்மா பாதி எழுந்து கதவைப் பார்த்தாள். கதவு திறந்தது. அங்கே யாரும் இல்லை. நாலு பேரும் அந்த வெறும் இருட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். கதவு மூடியது. தலைகள் திரும்பின. விளக்கு அணைந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் பல்லக்கா. "காசு போட்டவன் செருப்பைக் கழட்டியிருப்பான்."

அண்ணன் சிரிக்கவில்லை. பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். மோட்டார் தண்டில் பித்தளைத் தட்டுகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் மேடும் பள்ளமும் வெட்டியிருக்கும். தட்டு சுற்றச் சுற்ற அந்த மேடுபள்ளம் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி ஒரு பொம்மையை அசைக்கும்.

"நாலு தலைக்கு நாலு தட்டு. கதவுக்கு ஒண்ணு, விளக்குக்கு ஒண்ணு. ஆக மொத்தம் ஆறு. ஆனா இங்க ஏழு இருக்கு."

ஏழாவது தட்டின் கம்பி கதவுக்குப் பின்னால் போய் மொட்டையாக நின்றது. தரையில், கதவிலிருந்து காலி நாற்காலி வரை, ஒரு மெல்லிய பள்ளம் ஓடியது. அண்ணன் அந்தத் தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே படித்தார். "கதவு திறந்ததும் ஒரு ஆள் வர்றாரு. நிக்காம நேரா நடந்து போய் நாற்காலிகிட்ட நிக்கிறாரு. விளக்கு அணைஞ்ச பிறகுதான் திரும்பிப் போறாரு."

"யாரா இருக்கும்?"

"மேசையில யாரு இல்லையோ, அவருதான்."

இரண்டு பேருமே அப்பா என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவர்கள் அப்பா ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்றவர். அண்ணனுக்குப் பதினோரு வயதும் பல்லக்காவுக்கு நாலு வயதும் ஆனபோது சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போனார், வரவே இல்லை. அவளுக்கு முகம்கூட நினைவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் அம்மாதான். படிக்கட்டில் காலடி கேட்டால் போதும், அம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பாள். சாகும் வரை பார்த்தாள்.

அந்த விளையாட்டுக் கூடத்தில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாளை விசாரித்துக் கண்டுபிடித்தார்கள். மகள் வீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டி என்றதும் கை நின்றது.

"அதுவா? அதுல ஒரு ஆம்பளை பொம்மை இருந்துச்சு. கையில பை வெச்சிருக்கும். முதலாளிதான் புடுங்கிப் போட்டாரு."

"ஏம்மா, பயமுறுத்துச்சா?" என்றார் அண்ணன்.

"பயமுறுத்தல. உள்ள வராது. மேசை வரைக்கும் நடந்து வர்ற மாதிரிதான் செஞ்சிருந்தாங்களாம். ஆனா வாசப்படியிலயே நின்னுக்கும். எத்தனை மெக்கானிக் வந்து பார்த்தாங்க தெரியுமா? அவங்க பட்டறையில ஒழுங்கா நடக்கும். கூடத்துக்குக் கொண்டுவந்தா, சில பேர் முன்னால நடக்கும், சில பேர் முன்னால நின்னுடும். நின்னுச்சுன்னா பார்க்கிறவங்க முகம் செத்துப் போயிடும். ஒருத்தர் கண்ணாடியை உடைச்சுட்டாரு. அன்னைக்கே புடுங்கிட்டாரு முதலாளி."

வேனில் திரும்பும்போது அண்ணன் பாதி வழியில் சொன்னார். "முப்பத்தாறு வருஷம் லிஃப்ட்ல வேலை பார்த்தவன் நான். கதவு திறந்த பிறகு ஏறாம நிக்கிற ஆளைப் பார்த்ததே இல்ல. நீ பொம்மையைச் செஞ்சு குடு. நான் ஏத்திக் காட்டுறேன்."

பல்லக்கா செய்தாள். பல்செட்டுக்கு ஊற்றும் அதே இளஞ்சிவப்பு மாவில் உடம்பு, துணிக் கோட்டு, கையில் தோல் துண்டில் தைத்த பை. முகத்தை மட்டும் வழுவழுவென்று விட்டுவைத்தாள். நடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணும் மூக்கும் பிறகு செதுக்கலாம் என்று எண்ணம்.

அண்ணன் பொம்மையைக் கம்பியில் மாட்டினார். கையால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனது. காசைப் போட்டார். தலைகள் திரும்பின, அம்மா எழுந்தாள், கதவு திறந்தது, அந்த ஆள் வாசப்படி வரை வந்தார். நின்றார்.

பின்னால் ஏழாவது தட்டு சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அதன் மேடு கம்பியைத் தள்ளிக்கொண்டேதான் இருந்தது. கம்பியின் மறுமுனையில் மட்டும் அசைவே இல்லை.

அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. முழுசாகப் பிரித்தார், பள்ளத்தைத் தேய்த்தார், கம்பியை மாற்றினார், பிரித்ததை மறுபடி பூட்டினார். ஒரு வாரம் இதே கதை. வாசப்படி வரை வருவார், நிற்பார். "நோயாளிக்கு என்ன வியாதின்னாவது சொல்லுங்களேன்" என்று அண்ணி கேட்டதற்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மேல் எரிந்து விழுந்தார்.

ஒரு மத்தியானம் அண்ணன் ஸ்பிரிங் வாங்க வெளியே போயிருந்தார். பல்லக்கா தனியாக உட்கார்ந்து ஒரு தகர வாத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, எழுந்துபோய்ப் பெட்டியில் காசைப் போட்டாள். கதவு திறந்தது. அந்த ஆள் வாசப்படியைத் தாண்டினார். சரசரவென்று மேசைப் பக்கம் நடந்து, காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நாலு தலைகளும் கதவைப் பார்த்தபடியே இருக்க, அவர் அவர்களுக்கு நடுவே நின்றார்.

அவள் இன்னொரு காசை எடுத்தாள். இரண்டாம் முறை போட்டாள், நடந்தார். மூன்றாம் முறையும் நடந்தார். நாலாம் முறை போட்டபோது முற்றத்தில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. பாதித் தூரம் வந்திருந்த பொம்மை சட்டென்று நின்றது. பிறகு அவள் கண்ணெதிரே, தட்டு முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, பின்னோக்கிச் சறுக்கி வாசப்படிக்குப் போய் நின்றது.

அண்ணன் உள்ளே வந்தார். பொம்மையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாங்கி வந்த ஸ்பிரிங் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"எனக்கு நடந்து காட்டுறாரு அண்ணா. உன்னைப் பார்த்தா நின்னுடுறாரு" என்றாள். "ஏன்?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுநேரம் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் வந்தாரு" என்றார்.

"யாரு?"

"அப்பா. போய் ஆறு மாசம் இருக்கும். மத்தியானம். அம்மா சலவைக்கடை வேலைக்குப் போயிருந்தாங்க. உனக்கு ஜுரம், உள்ள தூங்கிட்டிருந்தே. கதவு தட்டுற சத்தம் கேட்டுத் திறந்தேன். நின்னாரு. இளைச்சுப் போயிருந்தாரு. 'அம்மா எங்கடா'ன்னாரு. நான், 'அம்மா உங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க'ன்னேன்."

"அம்மா அப்படிச் சொன்னாங்களா?"

"இல்ல."

தகரக் கூரை வெயிலில் விரிந்து டக்கென்று ஒரு சத்தம் போட்டது.

"'அப்படியா சொன்னா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். பையைக் கீழ வெச்சாரு, மறுபடி எடுத்துக்கிட்டாரு. ரெண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்தாரு. நான் தாழ்ப்பாள் போட்டுட்டேன்."

"ஐம்பது வருஷம்" என்றாள் பல்லக்கா. "அம்மா ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைப் பார்த்தாங்களே அண்ணா. காத்துக்கிட்டே செத்தாங்களே. நீ பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"காத்துக்கிட்டிருந்தாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?" அண்ணன் தலை நிமிரவில்லை. "நீ சின்னப் புள்ள. அவர் வீட்டுல இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. சாயங்காலம் அந்தக் காலடி கேட்டா நாங்க சாப்பிடுறதை நிறுத்திடுவோம். அம்மா பாதி எந்திரிச்சு நிப்பாங்க. இன்னைக்கு எந்த மாதிரி வர்றாருன்னு முகத்தைப் பார்க்கிற வரைக்கும் மூச்சு விட மாட்டாங்க. அவங்க கதவைப் பார்த்தது அதுக்கு."

பல்லக்கா பெட்டியைப் பார்த்தாள். மேசையைச் சுற்றி நாலு முகங்கள். ஆசையா பயமா என்று அவற்றில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. கையிலிருந்த தூரிகையை டர்பன்டைனில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்று வாரம் அவள் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. பல்செட் வார்ப்புகளில் கீழ்வரிசையை மேல்வரிசையாகச் செய்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கோபம் அப்பா மீதா, அம்மா மீதா, அண்ணன் மீதா என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. பதினோரு வயதுப் பையன் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் கோபம் இறங்கும். தனக்கு ஒரு முகம்கூடக் கிடைக்காமல் போனதை நினைத்தால் மறுபடி ஏறும்.

கடைசியில் அண்ணிதான் வந்து நின்றாள். "நீ வந்து பாரு. நாள் பூரா அந்தப் பொட்டி முன்னாலயே உட்கார்ந்திருக்காரு. என்னன்னு கேட்டா 'இன்னும் உள்ள வரல'ங்கிறாரு. எனக்கு என்னமோ பண்ணுது."

பல்லக்கா போனபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம். பச்சைக் கதவு திறக்கும் கிறீச். அதற்கு மேல் அண்ணனின் குரல், தணிந்து:

"நான் சொன்னது பொய். அம்மா அப்படிச் சொல்லல. உள்ள வாங்க."

சரசரவென்று பள்ளத்தில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. அந்த ஓட்டத்துக்கு இருபத்திரண்டு நொடி என்று அவளுக்குத் தெரியும். சத்தம் அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சாண் நீளப் பள்ளத்தில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பிறகு நின்றது.

கதவைத் தள்ளினாள். பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசப்படியில் யாரும் இல்லை. நாற்காலிக்குப் பின்னாலும் யாரும் இல்லை. ஏழாவது கம்பியின் முனை மொட்டையாக நின்றது. நாலு தலைகளும் கதவைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக வெளியே, அண்ணன் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்குட்டியின் கழுத்து அந்தப் பக்கம் திரும்புவதற்கு வழியே இல்லை. பெட்டியைப் பழுது பார்த்தபோது அவள்தான் அதற்கு ஆணி வைத்தவள்.

"வந்துட்டாரு" என்றார் அண்ணன்.

பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டிருந்தார். முழங்கால்களைச் சேர்த்து வைத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்து, தோளைக் குறுக்கி, அறுபத்தொரு வயது மனிதர் தன்னால் முடிந்த அளவுக்குச் சின்னதாகி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அவர் பார்க்கவே இல்லை.

"அண்ணா, எந்திரி. வீட்டுக்குள்ள போலாம்."

"இரு" என்றார் மெதுவாக. "அவர் எந்திரிக்கட்டும்."

அந்தப் பொம்மை கிடைக்கவில்லை. பல்லக்காவே பெட்டியை ஆணி ஆணியாகப் பிரித்துப் பார்த்தாள். கோட்டு நூல் ஒன்றுகூட அகப்படவில்லை. தட்டுகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி வைத்துவிட்டாள்.

அண்ணன் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். முன்பெல்லாம் வீடே அதிரும்படி கதவைச் சாத்துகிறவர் இப்போது சத்தமே வராமல் சாத்துகிறார், அதுதான் வித்தியாசம் என்கிறாள் அண்ணி. அதைச் சொல்லும்போது அண்ணியும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். போன வாரம் பல்லக்கா அங்கே சாப்பிட உட்கார்ந்தாள். அண்ணன் சோற்றில் கை வைக்காமல் இருந்தார். அண்ணியும் வைக்கவில்லை. என்ன என்று கேட்க வாயெடுத்தவள், வீட்டுக் கூடத்தில் கேட்ட காலடிக்குக் காது கொடுத்துவிட்டு, தன் கையையும் மெல்லத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள்.