எட்டாம் பார்

பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் காலில் சாக்ஸ் ஏறவில்லை. புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து நின்ற பிறகும் சரக்குத் தோணியை விடாமல் வெறுங்காலோடு ஓடித் திரிந்த மரியானுக்கு, போகிற நாளில் மட்டும் எங்கிருந்து நாகரிகம் வரும்? பிளாரன்ஸ் மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"விடு பிளாரன்ஸ். எட்டாம் பாருக்குள்ள வெறுங்காலோட போனாத்தான் விடுவாவ," என்றான் அண்ணன் ரோச்.

அவள் கை நின்றது. கடலுக்குள் முத்துச்சிப்பி விளையும் பார்கள் எத்தனையோ உண்டு. எட்டாம் பார் அவற்றில் சேராது. ஏழு வயதில் அவளுக்கு அம்மை போட்டபோது அப்பா அவளுக்கென்றே உண்டாக்கிய கடலடி நாடு அது. இருபது வருஷமாக அப்படித்தான் நம்பியிருந்தாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொத மொத அப்பாவோட தோணியில கொழும்புக்குப் போவும்போது பயந்து அழுதேம்லா, அப்பச் சொன்னாரு. அங்கன ஒரு பூதம் சூரியன முழுங்கிட்டு வாயவே தொறக்க மாட்டேங்குதாம். ஊரே இருட்டு."

"அந்த இருட்டுலதான் ஆமை வழி தெரியாமச் சுத்துது," என்றார் தலைமாட்டில் இருந்த காசிலிங்கம் அண்ணாச்சி. பலசரக்குக் கடைக்காரர், அப்பாவின் சிநேகிதர்.

பிளாரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அந்தக் கதையை ஊரெல்லாம் பங்கு வைத்திருக்கிறார். செத்துக் கிடக்கிறவரோடு சண்டை போடவும் முடியாது.

"எம் பொஞ்சாதி செல்லத்தாய் போன அன்னைக்குக் பக்கத்துல வந்து உக்காந்து சொன்னாரு," என்றார் அண்ணாச்சி. "செத்தவங்கள அந்த ஆமைதான் முதுகுல ஏத்திக் கரைக்குக் கொண்டுபோவுமாம். இருட்டுல கரை தெரியலையாம். செல்லத்தாய் கரை சேந்தாளான்னு ஒம்பது வருசமாக் கேக்கேன். 'கதையோட முடிவு ஏங்கிட்ட இல்ல அண்ணாச்சி, வேற ஆள்ட்ட இருக்கு'ம்பாரு. இனி யார்ட்டப் போயிக் கேக்க?"

பெட்டியை மூட ஆட்கள் வந்து நின்றார்கள். பேசாமல் இருந்துவிடலாமா என்று பிளாரன்ஸ் நினைத்தாள். அப்பா தனக்கு மட்டும் என்று கொடுத்தது அந்த முடிவு ஒன்றுதான். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தபின் மனசு கேட்கவில்லை.

"ஏங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. அம்மை போட்ட ஒரு பிள்ள போயி பூதத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிருவா. அது வாயத் தொறந்து சிரிச்சிரும். அவ்வளவுதான் கதை."

"அப்ப சூரியன் வெளிய வந்துட்டு, ஆமைக்குக் கரை தெரிஞ்சிருக்கும்," என்றான் ரோச் மெதுவாக.

அண்ணாச்சி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"மூடுங்கப்பா, நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு, தோள் கொடுக்கப் பெட்டியின் முன்பக்கம் போய் நின்றார்.