செஃப்ரூவில் ஒரு சோதனை நேர்காணல்

பதிவுக் கருவியை மெத்தைமேல் வைத்துவிட்டு, கிஸ்லான் ஒப்புதல் வாசகத்தைப் படித்துக் காட்டினாள். சொல்வது ரகசியமாக இருக்கும், பெயரை மாற்றிவிடுவேன், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று படித்தபோது ரகியா காலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பேரை மாத்துவியாமே! மாரைக் குடுத்தவ நான். அப்ப எவளும் என்கிட்ட ஒப்புதல் கேக்கலியேடி."

கிஸ்லானும் சிரித்துவிட்டாள். சித்தி என்ற பொருளில் 'காலா' என்று அவள் கூப்பிடும் இந்த அம்மாள் அந்நியம் இல்லை. அப்பா இந்தச் செஃப்ரூ ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் பிறந்தவள் கிஸ்லான். பெற்றவள் காய்ச்சலில் கிடக்க, பசியாற்றியது பக்கத்து வீட்டு ரகியாதான். மானுடவியல் முதுகலைக்கு என்ன ஆய்வு செய்யலாம் என்ற கேள்வி வந்தபோது, அந்தக் கதையைத்தான் பேராசிரியையிடம் சொன்னாள். இஸ்லாமியச் சட்டப்படி, ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் அவளுக்குப் பிள்ளைகளாகவும் தமக்குள் உடன்பிறப்புகளாகவும் ஆகிவிடுவார்கள், அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. இந்த உறவை இன்றைய குடும்பங்கள் எப்படி நினைவில் வைத்திருக்கின்றன? பேராசிரியைக்குப் பிடித்திருந்தது. "குழு முன்னாடி திட்டத்தை வைக்கறதுக்குள்ள ஒரு ஆள்கிட்டயாவது பேசிட்டு வா. எந்தக் கேள்வி தேறும், எது தேறாதுன்னு அங்கதான் தெரியும்" என்றிருந்தார்.

ஃபெஸ் நகரத்திலிருந்து கணவன் நவ்ஃபல்தான் காரில் கூட்டிவந்தான். கல்யாணமாகி ஏழு மாதம்; ரகியாவுக்கு அது இன்னும் தெரியாது. அவனும் பிறந்தது இதே ஊரில்தான். பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பேச்சு தொடங்கியதே அதைச் சொல்லித்தான். பெண்கள் பேசட்டும் என்று அவன் வெளியே கடைத்தெருப் பக்கம் போயிருந்தான்.

"என்னைத் தவிர வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க, காலா?"

"அது இருக்கும் நாலஞ்சு. ஆனா உன்கூடச் சேந்து குடிச்சவனைத்தான் மறக்கவே மாட்டேன். காட்டிலாகா அதிகாரி மகன். அவன் அம்மாவுக்கு ஆபரேஷன், பாவம். நீ இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். நீ தூங்கிடுவ, அவன் உன் பங்கையும் சேத்துக் குடிப்பான், திருட்டுப் பய."

"எங்கம்மா சொன்னதே இல்லியே?"

"அவ கண்ணே தொறக்கல, அவளுக்கு என்ன தெரியும்? அப்புறம் அவன் அம்மா மவுத்தாயிட்டாளாம், அந்தாளு மக்னேஸ் பக்கம் மாத்தல் வாங்கிட்டுப் போயி வேற கட்டிக்கிட்டாராம். புள்ளைய அப்புறம் நான் பாக்கவே இல்ல." ரகியா தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "இங்க, காதுக்கு மேல, ஊசி குத்தின மாதிரி ஒரு குழி இருக்கும் அவனுக்கு. பால் குடிக்கறப்ப அதைத்தான் தடவிக்கிட்டே இருப்பேன்."

அடுத்த கேள்வி கிஸ்லானுக்குத் தெரியும். வரிசையாக மனப்பாடம். கை பதிவுக் கருவியை நிறுத்தியது. அந்தக் குழியை அவள் விரலும் அறியும். இன்று காலை எழுந்ததும் தொட்டது அதைத்தான். அவனுடைய அப்பா காட்டிலாகாவில் ஓய்வு பெற்றவர். அம்மா முகம் அவனுக்கு நினைவில் இல்லை. ஒரு மிடறு உள்ளே போனாலும் உறவு உறவுதான் என்று இந்த நாட்டில் வழங்கும் சட்டத்தை, திட்டத்தின் இரண்டாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள். நல்ல வாக்கியம் என்று பேராசிரியை ஓரத்தில் குறித்திருந்தார்.

"என்னடி, முகம் வெளுத்துப்போச்சு? சாப்பிடாம வந்தியா?"

ரகியா எழுந்து உள்ளே போனாள். அதே நேரம் வாசல் கதவு தட்டப்பட்டது. போய்த் திறந்து, "கார்லயே இருங்க" என்று சொல்லிவிடலாம் என்று கிஸ்லான் எழுந்தாள். அதற்குள் "கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, வாங்க" என்று ரகியா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

நவ்ஃபல் செர்ரிப் பழப் பையோடு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டே சலாம் சொன்னான். சூடான ரொட்டித் தட்டோடு வந்த ரகியா, பதில் சலாம் சொல்ல வாயெடுத்தவள், நின்றுவிட்டாள். தட்டைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் காதைப் பார்த்தாள்.

"யா ரப்பி! காட்டிலாகாக்காரர் மகனா நீ?"

"ஆமா... உங்களுக்கு எப்படி—"

"எப்படியா? என் பாலுடா நீ!" அவன் நெற்றியிலும் கன்னத்திலும் மாறிமாறி முத்தமிட்டாள். கண்ணீர் வழிய கிஸ்லான் பக்கம் திரும்பினாள். "கள்ளி, தெரியாத மாதிரி என்கிட்டயே கேள்வி கேட்டியே! உன் சகோதரனைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கியே, உன்னை மாதிரி ஒரு மக யாருக்குக் கிடைப்பா?"

நவ்ஃபல் முத்தங்களுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். சகோதரன் என்ற சொல் வந்ததும் கிஸ்லானைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தபிறகு அந்தச் சிரிப்பு அவன் உதட்டிலேயே, எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"எப்படிடா கண்டுபிடிச்சீங்க ஒருத்தரை ஒருத்தர்?"

"ஒண்ணாப் படிச்சோம், காலா" என்றாள் கிஸ்லான். அது பொய் இல்லை.

ரகியா ஒரே ரொட்டியை இரண்டாகக் கிழித்தாள். தேனில் தோய்த்து ஆளுக்கொரு துண்டைக் கையில் திணித்தாள். "அண்ணனும் தங்கச்சியும் சாப்பிடுங்க. என் கண்ணு குளிரட்டும்." இருவரும் சாப்பிட்டார்கள்.

விடைபெற்று வந்தபோது ரகியா தெருமுனை வரை கூடவே வந்து கையசைத்தாள். நவ்ஃபல் வழக்கம்போல் முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். கிஸ்லான் ஒரு கணம் நின்றாள். பிறகு பின்கதவைத் தானே திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

நவ்ஃபல் திறந்த கதவை மெதுவாகச் சாத்தினான். வண்டியைக் கிளப்புவதற்கு முன், பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.