தார் மெஷினுக்கு மாற்றாள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு. நேற்று எழுதியதில் ஒரு தவறு. பக்கத்து வீட்டுப் பிளஸ்ஸிக்குக் கட்டி வந்திருப்பது வலது காலில் என்று எழுதிவிட்டேன். இடது கால். முழங்காலுக்குச் சற்று மேலே, எலும்பில் வந்த புற்று.

அவள் அம்மா ஞானபூரணம் இன்று சர்ச்சுக்குப் போகவில்லை. ஆடித்தவசுத் திருவிழாவுக்கு முன்னால் துணி போய்ச் சேர வேண்டும் என்று தறிக்கூடம் ஞாயிறும் ஓடியது. அவளுக்குத் தார் சுற்றும் வேலை. தறிக்கு வேண்டிய நூலை மெஷின் சின்னக் குச்சிகளில் சுற்றும். நிறைந்த குச்சியை உருவி, வெறுங்குச்சியைச் செருகி, அறுந்த நூலை முடிந்து விட வேண்டும். உட்கார்ந்தால் கை எட்டாது, நாள் முழுக்க நிற்க வேண்டும். நூல் அறுத்த விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தாள்.

நாளை பிளஸ்ஸியை மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை மருந்து ஏற்றச் சேர்க்க வேண்டும். வாரம் முழுக்க அம்மா கூட இருக்க வேண்டும். முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி தறிச் சத்தத்தில் அவள் காதருகே குனிந்து பேசினார்.

"நான் போகாதன்னு சொல்லல. மாத்தாள விட்டுட்டுப் போ. தார் இல்லாம தறி நின்னுச்சுன்னா வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் அண்ணாச்சிய குறை சொல்லக்கூடாது."

அங்கே அதுதான் வழக்கம். லீவு எடுப்பவர்தான் ஆள் தேட வேண்டும். எப்போதும் வரும் சுப்புலட்சுமி வீட்டில் தவசுக்கு விருந்தாட்கள். கேட்ட மற்ற இருவரும் கையை விரித்துவிட்டார்கள்.

மே மாதம் ஞானபூரணத்துக்குக் காய்ச்சல் வந்தபோது மாற்றாளாக நின்றது பிளஸ்ஸிதான். அவளுக்கு வயது பதினைந்து. கால் வலிக்கிறது என்றாள். அந்தக் கூடத்தில் கால் வலிக்காதவர் யார்? நின்ற வலி என்று எல்லாரும் சொன்னார்கள். ஞானபூரணமும் எண்ணெய் தேய்த்து விட்டாள். முழங்காலுக்கு மேல் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஞானபூரணம், பிள்ளை பள்ளிக்கூடத்தில் போன வாரம் விழுந்துவிட்டாள் என்று சொன்னாள். படிக்கிற பிள்ளையை வேலைக்கு நிறுத்தியது தெரிந்தால் கூடத்துக்குச் சிக்கல் வரும், தன் வேலையும் போகும் என்ற பயம்.

போன தடவை சுகிர்தா டாக்டர் மறுபடி கேட்டபோது பிளஸ்ஸியே உண்மையைச் சொல்லிவிட்டாள். ஞானபூரணம் அழுதாளாம், நான்தான் நிற்க வைத்துக் கெடுத்தேன் என்று. நின்றதால் இது வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவது, ஏன் வருகிறது என்று பெரும்பாலும் தெரியாது, வேகமாக வளரும், ஆகவே மருந்து நாள் மட்டும் தள்ளிப் போகக் கூடாது. அவர் சொன்னதை நான் சரியாகத்தான் எழுதுகிறேனா, தெரியவில்லை. ஞானபூரணம் சொன்னது இவ்வளவுதான்.

சாயங்காலம் சோறு கொண்டு போனபோது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். சின்னவள் ரெனி எட்டாவது படிக்கிறாள். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"நான் நிக்கேம்மா."

"நீ ஒண்ணும் நிக்காண்டாம்."

"அப்பொ யாரு நிப்பா?"

ஞானபூரணம், கேரளாவில் கட்டட வேலையில் இருக்கும் கணவனுக்கு மறுபடி போன் போட்டாள். எடுக்கவில்லை.

பிளஸ்ஸி முடி கொட்டிய தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள்.

"எம்மா, நின்னதால வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்லா. இன்னும் என்ன யோசிக்க? அவ நிக்கட்டும். நீ என்கூட வா."

பிறகு தங்கையிடம் திரும்பினாள். "ஏட்டி, தூங்கி விழுந்து மெஷினுக்குள்ள சடைய விட்டுராத. எனக்குன்னா அந்தப் பயமே இல்ல."

ரெனி சிரித்தாள். ஞானபூரணம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினாள். முதலில் இடது கால், பிறகு வலது. பிளாஸ்திரி ஒட்டிய விரலால் எலும்பை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தாள்.

"இங்கன வலிக்கா, மக்கா?"

"கூசுதும்மா."

மறுபடி மேலே போய் அழுத்தினாள்.

நாளை: அவர்கள் இருவரையும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். ரெனியைத் தறிக்கூடத்தில் விட வேண்டும். அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போய், அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும்.