பாந்தெலிஸ் பெரியப்பா சொன்ன காரணம்

குழிவெட்டி யாக்கூமிஸின் மண்வெட்டி பழைய சவப்பெட்டியில் இடித்ததும் பாந்தெலிஸ் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கோயிலில் பாடுகிறவர் அல்லவா, அந்த ஜம்பம் இல்லாமல் வாய் திறக்காது.

"அந்தபோதோசி! அவங்கவங்க செஞ்சதை ஆண்டவன் அவங்கவங்களுக்கே திருப்பிக் குடுப்பான். வேதத்துலயே இருக்கு."

காலையிலிருந்து இதே பாட்டுதான். அர்கிரோவுக்கு எரிந்தது. உள்ளே கோயிலில் அவள் அம்மா ஸ்தமாத்தா பெட்டியில் கிடக்கிறாள். புருஷன் செத்த நாற்பதாம் நாளே துக்கத்துக்குப் போட்ட கறுப்புத் துணியைக் கழற்றி எறிந்தவள். குடித்துவிட்டு அடித்தவனுக்கு அந்த நாற்பது நாளே அதிகம். ஆனால் அவளுக்கு வயிற்றில் புற்று வந்ததும், அது ஆண்டவன் திருப்பிக் கொடுத்ததுதான் என்று பெரியப்பா ஊரெல்லாம் பரப்பினார். பெரிய மனுஷனாம்! இன்று குழியருகிலும் அதையே சொல்லி அம்மாவை அனுப்பிவிடுவாரோ என்றுதான் அர்கிரோவுக்குப் பயம்.

இந்த ஊரில் குடும்பத்துக்கு ஒரு குழிதான். முன்னால் போனவரின் எலும்பை எடுத்து வைனில் கழுவிவிட்டுத்தான் அடுத்தவரை வைப்பார்கள். எலும்பு சுத்தமாக வந்தால் பாவம் தீர்ந்தது. உடம்பு கரையாமல் கிடந்தால், மண்ணே அவனை வேண்டாம் என்றுவிட்டது.

"பாருங்க, என் தம்பி எலும்பு மெழுகு மாதிரி மஞ்சளா, சுத்தமா வரும்," என்றார் பெரியப்பா.

யாக்கூமிஸ் மூடியை நெம்பினான். சுற்றி நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். ஏழு வருஷமாகியும் அப்பா கோட்டும் சூட்டுமாக அப்படியே கிடந்தார்.

"ஐயோ, கரையவே இல்லையே," என்றான் யாக்கூமிஸ்.

பெரியப்பாவின் முகம் செத்துவிட்டது.

"அது... நைலான் கோட்டு. மலிவா கிடைச்சுதுன்னு நான்தான் வாங்கிப் போட்டேன். அடியில பிளாஸ்டிக் வேற விரிச்சோம். காத்து போகல. அவ்வளவுதான்."

"அப்ப இது அந்தபோதோசி இல்லையா, பெரியப்பா?" என்று கேட்டாள் அர்கிரோ.

"சீ, என்னம்மா பேச்சு இது! நைலான்."

"அம்மாவுக்கு வந்தது?"

பெண்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"அது... வியாதி."

"கேக்கலை. பாடுற தொண்டைதானே?"

"வெறும் வியாதிதான், போதுமா!"

அர்கிரோவுக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் தோன்றியது. இந்த ஆளுக்குப் பயந்தா அம்மா இத்தனை வருஷம் கோயில் பக்கம் வராமல் இருந்தாள்?

"இவரைத் திரும்ப மூடித்தான் ஆகணும், அக்கா," என்றான் யாக்கூமிஸ். "அம்மாவுக்கு இவரை ஒட்டினாப்ல ஒரு குழி வெட்டிரட்டுமா?"

அர்கிரோ கல்லறைகளைத் தாண்டி நடந்தாள். கடலைப் பார்த்த மதிற்சுவர் ஓரமாக நின்றாள்.

"இங்க வெட்டு."

"ரொம்பத் தள்ளிப் போச்சே அக்கா. பக்கத்துல யாருமே இல்ல."

"ஆமா," என்று சொல்லிவிட்டு, குனிந்து அங்கே கிடந்த கற்களைப் பொறுக்கி அப்பால் போட ஆரம்பித்தாள்.