பிளாப்பிக்கு வச்ச சந்தனம்

டவுண்ல எங்க எம்பிராய்டரி மிசின் இன்னைக்கும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பிளாப்பியிலதான் ஓடுது. அந்தச் சின்ன பிளாப்பி மூலையில ஒரு ஓட்டை உண்டு. ஓட்டை திறந்திருந்தா பூட்டு. உள்ள இருக்கிற டிசைனை யாரும் அழிக்க முடியாது. ஓட்டையை அடைச்சா பூட்டு திறந்துரும். எந்த மவராசன் யோசிச்சானோ! அதுக்கு முந்தி வந்த பெரிய பிளாப்பிக்கு நேர் எதிரு, ஒட்டி அடைச்சாத்தான் பூட்டு. ஊர்ல எந்தக் கதவாவது இப்படி இருக்கா?

சேரன்மகாதேவி ராஜாம்பாள் மாமி மக ஸ்னேகாவுக்கு நாளை கழிச்சு கல்யாணம். ஜாக்கெட்ல வலது கைக்கு நான் வரைஞ்ச மயிலு முடிஞ்சாச்சு. இடது கைக்கு பிளாப்பியைச் சொருகுனா, மயிலைக் காணோம். கிளி இருக்கு. எங்க வீட்டுக்காரவுக வரைஞ்ச கிளி! "இது கிளியா, மூக்கு செவந்த காக்காயா"ன்னு நான் ஒதுக்கி வச்சது. மயிலு வேற எந்தப் பிளாப்பியிலயும் கிடையாது, மறுபடி வரையவும் நேரமில்ல. மாமி வாயில விழுந்தா கடைப் பேரு நாறிரும்.

"மயிலை அழிச்சுட்டு இதைப் பதிஞ்சியளா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"ன்னு இவுகளைப் பிடிச்சேன்.

"எல்லாம் ஒண்ணு போலல்லா இருக்கு. பூட்டுன பிளாப்பின்னா மிசினு பதிய விடாதே, இதுல விட்டுட்டே!"ன்னாக.

பிடுங்கிப் பாத்தேன். ஓட்டை நிறைய சந்தனம், காஞ்சு இறுகிக் கிடக்கு. மேல குங்குமம். ஆயுத பூசைக்கு நான் வச்ச பொட்டு. கத்திரிக்கோல்ல இருந்து கடை கூட்டுற வாரியல் வரைக்கும் வைக்கிறவ, பிளாப்பியை விடுவேனா? இவுக சிரிப்பை அடக்கிக்கிட்டு ஃபேனைப் பாத்தாக.

மாமி வந்ததும் உள்ளதைச் சொன்னேன்.

"கிளியையே போட்டுருதோம் மாமி. இடது கையை முந்தானை மூடிரும்லா"ன்னாக இவுக.

"யார் சொன்னா? எங்காத்து மடிசார்ல தலைப்பு வலது தோள்லன்னா வரும்!"

அட பாவமே! மூடப்போறது என் மயிலு.

மாமிதான் என்ன செய்வா? சந்தனம் வச்சதுக்கா ஏச முடியும்? "கிளியையே போடுங்கோ"ன்னுட்டா.

கல்யாணத்துல நானும் இவுகளும் பந்தியில உக்காந்தோம். பக்கத்து இலை அம்மா பொண்ணோட கையையே பாத்துக்கிட்டு இருந்தா. "கிளி உசுருள்ளது மாதிரி இருக்கே, யாரு வரைஞ்சது?"

"எங்க வீட்டுக்காரவுக"ன்னேன். ஒருநாளாவது அதைத் தைச்சுப் பாக்கலையேன்னு வெக்கமாப் போச்சு.

இவுக பாயசத்துல வச்ச கையை எடுக்கல.

"இன்னொருக்கா சொல்லு"ன்னாக.