வரிசை மாறிய கேள்வி

என் மாமனார் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் படித்த யாரும் பெயில் ஆனதில்லை. எல்லோருக்கும் வண்டி ஓட்டத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. பெயில் ஆனதில்லை, அவ்வளவுதான். வாய்மொழித் தேர்வில் அதிகாரி கேட்கும் கேள்விகள் எத்தனையோ வருஷமாக ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்தன. மாமா அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டார். "கேள்வியைக் காதுல வாங்காதே, குழம்பிடுவே. முதல் கேள்விக்கு முதல் பதில், ரெண்டாவதுக்கு ரெண்டாவது. வரிசையைப் பிடி, பாஸ்" என்பார். தப்பாகச் சொன்னால் கிளட்ச் மிதிக்கிற முழங்காலில் இரும்பு ஸ்கேலால் ஒரு அடி. மருமகளாவதற்கு முன்பு நானும் அங்கே அடி வாங்கி அழுதவள்தான். அந்த மனுஷனை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர் பக்கம் பேசும்போது பாசத்தில் உளறுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அவருக்குக் கணையத்தில் புற்று. கண்டுபிடித்தபோதே ஈரலுக்குப் போயிருந்தது. ஸ்கூலுக்கு மேல் மாடியில்தான் வீடு. ஆரம்பத்தில் கீழே யாராவது கியரை நறநறவென்று மாற்றினால் படுக்கையிலிருந்தே திட்டுவார். பிறகு அதுவும் நின்றது. வலி வந்தால் வாயில் துண்டைத் திணித்துக்கொள்வார். கீழே வகுப்பு நடக்கிறதே, சத்தம் கேட்டால் ஆட்கள் வரமாட்டார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. பிழைக்க வழியில்லாதவர்கள் தாங்களாகவே கேட்டால், டாக்டர் உதவியோடு போய்ச் சேரலாம். டீவியில் தினமும் அதே விவாதம். ஒருவர் கருணை என்றார், இன்னொருவர் கொலை என்றார். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் வலி இல்ல. அதான் இவ்ளோ தெம்பாக் கத்துறானுங்க. நிறுத்து அதை" என்றார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, "எனக்கு அது வேணும். ஏற்பாடு பண்ணு" என்றார். கடைக்குப் போய்ப் பல்பு வாங்கி வா என்கிற குரல்தான்.

வீடு இரண்டானது. வெளியூரிலிருந்து நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். என் கணவருக்கு மூத்தவள், அப்பாவின் செல்லம்.

"பல் வலிச்சா தலையை வெட்டுவீங்களாடா? பெத்த அப்பனை ஊசி போட்டுக் கொல்ல நாள் பாக்குற!"

"கேக்குறது அவருதான், அக்கா. நான் இல்ல."

"வலியில ஆயிரம் பேசுவாங்க. நாமதான் தைரியம் சொல்லணும்."

"நீ தைரியம் சொல்லிட்டுப் போய் ஹால்ல தூங்குற. துண்டைக் கடிக்கிறது அவரு."

இவ்வளவும் கட்டிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, அவர் வயிற்றுக்கு மேலாகவே நடந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார்.

சட்டத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது. டாக்டர் தனியாக உட்கார்ந்து கேள்விகள் கேட்பார். தெளிந்த புத்தியோடு, யார் தூண்டுதலும் இல்லாமல் நோயாளியே பதில் சொல்ல வேண்டும். தேர்வு என்று ஒன்று இருந்தால் எங்கள் வீட்டில் சும்மா இருப்பார்களா? ஏற்கெனவே இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் போய் என் கணவர் கேள்விகளை விசாரித்துக்கொண்டு வந்தார். அப்பனும் பிள்ளையும் உட்கார்ந்து பாடம் போட்டார்கள்.

"இது உங்க சொந்த முடிவா?"

"ஆமா டாக்டர், முழு மனசோட சொல்றேன்."

"யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்ல டாக்டர், யாரும் ஒரு வார்த்தை சொல்லல."

"இடையில மனசு மாறினா நிறுத்திக்கலாம்னு தெரியுமா?"

"தெரியும் டாக்டர், மாறாது."

"எதுக்குங்க இந்தக் கூத்து? மனசுல இருக்கறதை அவர் வாயாலயே சொல்லட்டுமே" என்று கேட்டேன். என் கணவர் பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார். "மனசுல இருக்கறதைச் சொன்னவன் எவன் பாஸ் ஆகியிருக்கான்?" அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

டாக்டர் வருகிற அன்று காலையில் வலி மருந்தை வேண்டாம் என்றுவிட்டார். குடித்தால் புத்தி மந்தமாகும், டாக்டர் தெளிவில்லை என்று எழுதிவிடுவார் என்கிற பயம். அத்தை, அதாவது என் மாமியார், அவருக்கு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிட்டாள். சட்டை அவரைச் சுற்றித் தொங்கியது. வியர்வையில் காலர் நனைந்துகொண்டே இருந்தது. உதடு மட்டும் பதில்களை முணுமுணுத்தது.

டாக்டர் நல்ல பெண். அதுதான் எங்கள் கெட்ட காலம். மென்மையான குரல், கண்ணில் ஈரம். கதவைச் சாத்தினாள். நாங்கள் வெளியே தேர்வு மைதானத்து வேலியோரம் நிற்பதுபோல் நின்றோம். மரக்கதவு, எல்லாம் கேட்டது.

"ஐயா, முதல்ல ஒண்ணு கேக்கறேன். பயப்படாம சொல்லுங்க. இதுக்கு உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

"ஆமா டாக்டர், முழு மனசோட சொல்றேன்."

என் கணவர் என் கையைப் பிடித்தார்.

உள்ளே நாற்காலியைக் கட்டிலருகே இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் இன்னும் மெதுவாகக் கேட்டாள். "யாரு ஐயா? வீட்டுல இருக்கறவங்களா?"

"இல்ல டாக்டர், யாரும் ஒரு வார்த்தை சொல்லல."

"அவங்க உங்களை மிரட்டுறாங்கன்னு எனக்குத் தெரியவேணாம்னு நினைக்கறீங்களா?"

"தெரியும் டாக்டர், மாறாது."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கதவு திறந்தது. டாக்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீங்களா?"

அத்தைக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "எம் பையன்தான் டாக்டர். ஒரு வாரமாப் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் கொடுத்தான். எங்ககிட்டப் படிச்சவங்க பெயில் ஆனதே இல்ல!"

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டாக்டரையும்தான். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். மாமா உள்ளேயிருந்து, "டாக்டர், திரும்பக் கேளுங்க! வரிசையாக் கேளுங்க!" என்று கத்தினார். அவள் திரும்பிப் போய் அவர் கையைத் தடவிக்கொடுத்தாள். "பயப்படாதீங்க ஐயா. இனிமே உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க இருக்கோம்."

விண்ணப்பம் நின்றுபோனது. வற்புறுத்தல் சந்தேகம் வந்துவிட்டால் விசாரணை முடிகிறவரை யாரும் அதைத் தொட முடியாது. விசாரணைக்கு அவசரமில்லை, அவசரம் எங்கள் கட்டிலில்தான். அதோடு இன்னொரு உத்தரவும் வந்தது. மகன் தனியாக அந்த அறைக்குள் போகக் கூடாது. வலி மருந்துப் பெட்டியின் சாவி இனிமேல் மகளிடம் இருக்க வேண்டும்.

நாத்தனார் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த மருந்தின் மேலேயே பயம். அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எழுதிக்கொடுத்த அளவில் பாதி ஊற்றுவாள், அதையும் அவர் கெஞ்சிய பிறகு. இப்போது துண்டை வாயில் வைக்கக்கூடக் கையில் தெம்பில்லை. சத்தம் கீழே வகுப்பறைக்குக் கேட்டது, தெருவுக்கும் கேட்டது. அவர் பயந்தபடியே ஆட்கள் வருவது நின்றது.

"அண்ணி, டாக்டர் எழுதினதையாவது முழுசாக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கென்ன அவ்ளோ அவசரம்?"

ஒரே கேள்விதான். அதற்கு மேல் அந்த வீட்டில் யார் வாய் திறக்க முடியும்? வருகிற நர்ஸிடம் சொல்லிப் பார்த்தேன். "மகள் பாத்துக்கறாங்க இல்ல?" என்றாள். என் கணவர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே போகக் கூடாது, எழுந்து வேறெங்கும் போகவும் மனசில்லை. மாமா அவரைப் பார்த்து, "சாவியைப் பிடுங்குடா" என்பார். பிறகு கெட்ட வார்த்தை. பிறகு "அப்பா, சாமி, தங்கம்" என்று அந்த முரட்டு மனுஷன் தன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கெஞ்சுவார். நாத்தனார் அவர் தலையைக் கோதி, "விடக்கூடாதுப்பா, தைரியமா இருக்கணும்" என்பாள். அவள் நடிக்கவில்லை. அவளுக்கு உயிரே அப்பாதான். என்னால் அவளை மன்னிக்க முடியாமல் இருப்பதே அதனால்தான்.

விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். ஒரு மத்தியானம், கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வெறும் காற்றுச் சத்தம் வந்து, அதுவும் நின்றது. இறந்ததை உறுதிசெய்ய அதே டாக்டர் வந்தாள். நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

"கடைசி மூச்சு வரைக்கும் எப்படிப் போராடினார் தெரியுமா டாக்டர்! அவ்ளோ ஆசை அவருக்கு, வாழணும்னு."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல வேளை, நீங்க வந்து சேந்தீங்க."

சுற்றி நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் வாசலில் உட்கார்ந்திருந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"அப்பா நிஜமாவே கேட்டாராடி? இல்ல, நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேனா?"

கேட்டார், என் காதால் கேட்டேன், உங்களை நிற்கவைத்துக் கேட்டார் என்று உரக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டரும் நாத்தனாரும் ஒன்றாகத் திரும்பி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.